ஓதற்பிரிவும் இத்தாலிய மொழியும்

அகத்திணையியலில் பிரிவை வகைப்படுத்தும் தொல்காப்பியர் ஓதலை முதலில் வைக்கிறார். பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன. கற்பியலில், கல்வியின் பொருட்டுப் பிரிந்தவன் மூன்றாண்டு எல்லையைக் கடத்தலாகாது என்று வரம்பும் விதிக்கிறார். வீட்டையும் மனையாளையும் விட்டு அறிவு தேடிப் போவதை இல்லறத்தின் ஓர் இயல்பான நிகழ்ச்சியாகக் கருதி இலக்கணம் கண்ட சமுதாயம் நம்முடையது. ஆயினும் சங்கப் பாடல்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பாலைத்திணையில் தலைவன் பிரிவது பெரும்பாலும் பொருளுக்காகவே. சுரமும் கள்ளியும் பருந்தும் பொருள் தேடிப் போனவனுக்கே வாய்த்தன. ஓதப் போனவனைப் பாடிய பாடல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இலக்கணத்தில் முதலிடம் பெற்ற பிரிவு இலக்கியத்தில் ஏறக்குறைய இல்லை.

நம் வட்டத்தின் கூட்டமொன்றில் எழுந்த விவாதமே இவ்வரலாற்றைத் தேடிப் போகத் தூண்டியது. இத்தாலி நாட்டுக்குத் தனியே போய், விடுமுறை நாள்களைச் செலவிட்டு, அம்மொழியை ஒரு மாதமேனும் வகுப்பிலமர்ந்து படிக்க வேண்டும் என்று இளம் கவிஞர் ஒருவர் தம் விருப்பத்தைச் சொன்னார். பட்டம் இல்லை, வேலை இல்லை, மொழி மட்டுந்தான். அதற்கு மூத்த அன்பர் ஒருவர் உடனே மறுமொழி தந்தார்: "ஏம்பலத்து மண்ணிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் உண்டு, மொழிக்காகக் கடல் கடப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு." இது எளிதில் ஒதுக்கத்தக்க கருத்தன்று. ஏனெனில் தொல்காப்பியரும் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றே வரையறுத்திருக்கிறார். 'உயர்ந்தோர்' யார் என்பதில் உரையாசிரியர்கள் என்ன சொன்னாலும், எல்லார்க்கும் உரியதன்று அப்பிரிவு என்பது வெளிப்படை.

ஓதற்பிரிவுக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவு பழையது. பாகூரில் 1879ஆம் ஆண்டு கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை; ஒன்பதாம் நூற்றாண்டின. வாகூர் என்று அன்று வழங்கிய ஊரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை வடமொழியிலும் தமிழிலும் பதிவு செய்கின்றன. வடக்கே திருபுவனையில் முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணாக்கரையும் 12 ஆசிரியரையும் கொண்ட கல்லூரியைப் பேசுகிறது. ஏம்பலத்திலிருந்து இவ்விரண்டு ஊர்களும் அரைநாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் அடங்குவன. பலவூர்ப் பிள்ளைகள் வந்து தங்கி, ஊர்ச்சபையும் அரசனும் ஒதுக்கிய நிலத்தின் நெல்லை உண்டு படித்த இடங்கள் இவை. ஆனால் அங்கே ஓதப்பட்டவை வேதமும் வியாகரணமும் பிற சாத்திரங்களும். நிலத்தை உழுதவன் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்ததாகக் கல்வெட்டுச் சொல்லவில்லை. மூத்த அன்பரின் கருத்துக்கு இக்கல்வெட்டுகளும் ஒருவகையில் சான்றாகி விடுகின்றன.

இனி இத்தாலிய மொழியின் பக்கம் திரும்புவோம். அம்மொழியின் வரலாறு தமிழர்க்கு அயலானதன்று. செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் பாகுபாட்டை அறிந்தவர்க்கு அது மிக எளிதில் விளங்கும். தாந்தே 1302ஆம் ஆண்டு புளோரன்சு நகரிலிருந்து நாடு கடத்தப்பட்டார். ஊர் ஊராக அலைந்த அக்காலத்தில், மக்கள் பேசும் மொழியின் பெருமையைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். இத்தாலியின் வட்டார வழக்குகளைப் பதினான்காகப் பகுத்து, ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்து, கவிதைக்குத் தகுந்த சிறந்த மொழி எதிலும் முழுமையாக இல்லை என்று முடித்தார். அதன் மணம் எல்லா ஊரிலும் வீசுகிறது, விலங்கு மட்டும் எந்த ஊரிலும் அகப்படவில்லை என்று சிறுத்தையை உவமை காட்டினார். சொந்த ஊரை இழந்தவர்தான் மொழியை நாடு முழுவதிலும் தேட முடிந்தது போலும்.

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. மிலான் நகரத்து மன்சோனி தம் புகழ்பெற்ற நாவலை 1827இல் வெளியிட்டார். அவர் வீட்டில் பேசியது மிலான் வழக்கு. கற்றோரோடு பேசியது பிரெஞ்சு. தாம் எழுதியிருப்பது யாரும் வாயால் பேசாத ஏட்டு மொழி என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே புளோரன்சுக்குப் போய்த் தங்கி, அந்நகரத்தார் பேசும் வழக்கைக் காதால் கேட்டார். பின்னர் ஆண்டுக்கணக்கில் தம் நூலைத் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார். இத்தாலியர் ஒருவரே இத்தாலிய மொழி கற்க இத்தாலியின் இன்னொரு நகரத்துக்குப் போனார். 1861இல் நாடு ஒன்றுபட்டபோது இத்தாலிய மொழியைப் பேசவல்லவர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். நூற்றுக்குப் பத்து வரை இருக்கலாம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அம்மொழி பெரும்பாலான இத்தாலியர்க்கே படித்துப் பெற வேண்டிய மொழியாகத்தான் இருந்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு வீரமாமுனிவரைப் பார்த்தால் அவர் புதிதாகத் தெரிவார்.

அவருக்கு முன் தத்துவ போதகர் எனப்பெற்ற இராபர்ட் தெ நொபிலி வந்தார். 1605இல் கோவாவிலும் 1606இல் மதுரையிலும் கால் வைத்த அவர், ஐரோப்பியருள் வடமொழி கற்ற முதல்வர்களுள் ஒருவர். தம்மவரோடு உணவையும் உறைவிடத்தையும் பிரித்துக்கொண்டு, காவி உடுத்து, மண்குடிலில் தனித்திருந்து மொழி பயின்றார். அவருடைய உரைநடை வடசொல் மிக்கது; இன்று படிக்கையில் இடறும். 1656இல் மயிலாப்பூரில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதியோர் பலர். இங்கே இவ்வளவு போதும்.

கான்ஸ்தான்சோ பெஸ்கி 1680ஆம் ஆண்டு மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். வீட்டு வழக்கு லொம்பார்தியப் பகுதியினது. எழுத்து மொழி தொஸ்கானியப் பகுதியினது. பாட மொழி இலத்தீன். ஒரே மனிதன் ஒரே நாளில் மூன்று மொழியடுக்குகளில் ஏறி இறங்கிய ஊர் அது. 1710இல் கோவாவுக்கும் அடுத்து தமிழகத்துக்கும் வந்தபோது, ஈண்டும் வீட்டில் ஒரு தமிழும் ஏட்டில் ஒரு தமிழும் வழங்குவது கண்டு அவர் மருண்டிருக்க மாட்டார் என்றே கருதுகிறேன். தமிழ் கற்க வந்த பிறர் ஒன்றைப் பிடித்து மற்றொன்றை விட்டனர். பேச்சு வழக்கை மட்டும் கற்றவர்கள் அதனையே தமிழ் என்றனர். ஏட்டு வழக்கில் மயங்கியவர்கள் பேச்சைக் கொச்சை என்று தள்ளினர். பெஸ்கியோ இரண்டுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் செய்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1728இலும் செந்தமிழ் இலக்கணம் 1730இலும் எழுதப்பெற்றன. இரண்டும் ஒரு மொழியின் இரு நிலைகள், ஒன்றுக்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை என்னும் தெளிவு அவருடைய சொந்த நாட்டு வளர்ப்பிலிருந்தும் வந்திருக்கலாம் என்பது என் துணிபு. இதற்கு ஆவணச் சான்று காட்ட இயலாது; ஆயினும் தாந்தே பிறந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு இச்சிக்கல் புதிதன்று என்பதை மறுக்கவும் இயலாது.

கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறிய கதை சுவையானது. பெஸ்கி கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையாரோடு கடுமையான சமயப் போர் நடத்தியவர், அவர்களை மறுத்து நூல்கள் எழுதியவர். அந்தத் தரங்கம்பாடி அச்சகமே 1738இல் அவருடைய இலக்கணத்தை அச்சிட்டது. வசைபாடியவனின் இலக்கணமாயினும் மொழி கற்க வேண்டியவனுக்கு அது தேவைப்பட்டது. புலமைப் பூசலில் எதிரியின் நூலைத் தொடவும் கூசும் நம் காலத்து வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தேம்பாவணி 3,615 செய்யுள்கள் கொண்டது. தொன்னூல் விளக்கம் ஐந்திலக்கணமும் சொல்வது. 1732இன் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாகச் சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. நிகண்டைப் பாடம் செய்யாதவனும் சொல்லுக்குப் பொருள் காணும் வழி அதனால் திறந்தது. மொழியை வளர்ந்த பின் கற்றவருக்கே அகராதியின் அருமை தெரியும். பிறவியிலேயே தமிழைப் பெற்ற புலவர்க்கு நிகண்டு போதுமாயிருந்தது; ஒரு சொல்லைத் தேடி இரவெல்லாம் தவித்த அயலானுக்குத்தான் அகர வரிசை வேண்டியிருந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்டும் வடிவத்தை அவர் நிலைபெறச் செய்ததும் அத்தகையதே. சுவடியில் புள்ளியில்லா எழுத்தைக் கண்டு குறிலா நெடிலா என்று திகைப்பவன் கற்றுக்குட்டி. அத்திகைப்பை மறவாதிருந்தவர் பெஸ்கி. இன்று நாம் எழுதும் ஒவ்வொரு நெட்டெழுத்துக் கொம்பிலும் அத்திகைப்பின் நினைவு இருக்கிறது.

புதுவைக்கும் இவருக்கும் உள்ள தொடர்பை நம் வட்டத்தார் பலர் அறிந்திருக்கலாம். சென்னைக் கோட்டைக் கல்லூரியை நிறுவிய எல்லிஸ் துரை, பெஸ்கியின் நூல்களையும் வாழ்க்கைச் செய்திகளையும் திரட்டுமாறு 1816இல் தென்னாட்டுக்கு ஒருவரை அனுப்பினார். அவர் புதுவையைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை. ஊர் ஊராகத் திரிந்து ஏடுகளைத் தேடிய அவர் 1822இல் வீரமாமுனிவர் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்தார். 1840இல் அதன் ஆங்கில வடிவம் வெளிவந்தது. தமிழில் ஒரு புலவரின் வாழ்க்கையைத் தேடி அலைந்து எழுதிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, இத்தாலியர் ஒருவரைப் பற்றியது. எழுதியவர் புதுவைத் தமிழர். பின்னர்த் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை புதுவை மிஷன் அச்சகத்திலேயே நூலுருப் பெற்றது.

இதுகாறும் சொன்னவை இத்தாலியர் தமிழுக்கு வந்த கதை. மறுதிசையில் போனவர் யார்?

போகாமலே கற்றவர் ஒருவர் புதுவையில் வாழ்ந்தார். அரவிந்தர் இங்கிலாந்தில் மாணவராயிருந்தபோதே தாந்தேயை மூலத்தில் படிக்கும் பொருட்டு இத்தாலிய மொழியைத் தாமாகக் கற்றார். 1910இல் புதுவை வந்த பின் பாரதியாரின் துணையோடு தமிழையும் கற்று, ஆண்டாள் பாசுரங்களையும் நம்மாழ்வார் பாசுரங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒரு மனத்துக்குள் தாந்தேயும் நம்மாழ்வாரும் மூல மொழியில் சந்தித்துக்கொண்டது அனேகமாக நம் புதுவைத் தெருவொன்றில்தான்.

1939இல் சென்னை அடையாற்றில் வேறொரு காட்சி. மரியா மாந்தசோரி அம்மையார் தம் குழந்தைக் கல்வி முறையைப் பயிற்றுவிக்க வந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். போர் மூண்டு இத்தாலி எதிரி நாடானதால் அம்மையார் பல்லாண்டு இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் வாழ்ந்தார். நூற்றுக்கணக்கான இந்திய ஆசிரியைகளின் காதில் நாள்தோறும் இத்தாலிய மொழி விழுந்த காலம் அது. ஆனால் அவர்கள் கேட்க வந்தது மொழியை அன்று.

உண்மையில் கடல் கடந்துபோய் அம்மொழியைக் கற்று, அதனால் தமிழுக்குப் பெரும்பயன் விளைத்தவர் ஈழத்தவர். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த சேவியர் என்னும் இளைஞர், குருத்துவக் கல்விக்காக 1934இல் உரோமாபுரிக்குச் சென்று 1939 வரை அங்கிருந்தார். உர்பானியக் கல்லூரியில் பல நாட்டு மாணவரும் ஒருங்கு தங்கினர். பாடம் இலத்தீனில், தெருவிலும் கடையிலும் உணவு மேசையிலும் இத்தாலியம். கார்த்தேசு நகரத்துத் திருச்சபை பற்றி ஆய்ந்து முனைவரானார். பின்னாளில் நாம் தனிநாயகம் அடிகள் என்று போற்றியவர் அவரே. பிரெஞ்சு, எசுப்பானியம், போர்த்துக்கீசியம் ஆகியனவும் அவருக்குப் பின்னர்க் கைவந்தன. இலத்தீனும் இத்தாலியமும் வாய்த்தவர்க்கு அவ்வாயில்கள் திறப்பது கடினமன்று.

ஓதற்பிரிவின் பயன் எங்கே எதிர்பாராத வடிவில் வந்து சேரும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. உரோமாபுரிக்குப் போன நாளில் அவர் தமிழ்ப் புலவர் அல்லர். ஐரோப்பிய இலக்கியம் அறிந்த தமிழர். தமிழிலக்கியம் அறியாத தமிழர். அங்கே தமிழ் மாணவரோடு சேர்ந்து அவர் அமைத்த கழகத்துக்கு வைத்த பெயர் வீரமாமுனிவர் கழகம். தமிழ் கற்ற இத்தாலியரின் பெயரை, இத்தாலியம் கற்றுக்கொண்டிருந்த தமிழர் எடுத்துக்கொண்டனர். நாடு திரும்பி, நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராயிருந்தபோதுதான் பண்டிதர் ஒருவரிடம் முறையாகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். 1945இல், முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் பெற்ற பாதிரியார் இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்ததை எண்ணிப் பாருங்கள். சங்க இலக்கியத்து இயற்கையைப் பற்றி அவர் அங்கே எழுதிய ஆய்வு கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஐந்திணையை நேர்நிறுத்திப் பேசுவது. இரண்டையும் மூலத்தில் படித்தவரால் மட்டுமே எழுதக்கூடிய நூல் அது.

1952இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில முத்திங்களிதழ் உலகெங்கும் தமிழாய்வைக் கொண்டு சென்றது. ஐரோப்பிய நூலகங்களில் தூங்கிக் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களை அவர் தேடிச் சென்றார். லிஸ்பனில் 1554இல் உரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட சிறு நூலைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார். அந்தாவோ தெ புரோயென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபதிப்பாகக் கொணர்ந்தார். நூலகத்து அலுவலரோடு அவர் மொழியில் பேசத் தெரிந்த தமிழர் ஒருவர் அவ்வாயிலில் நில்லாதிருந்தால், அந்நூல்கள் நம் கைக்கு வர இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரும் அவரே. அம்மன்றத்தின் மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் நடந்தது. அதற்குத் துணைநின்ற ழான் பிலியோசாதான் 1955இல் புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். இழை சுற்றிச் சுற்றி நம் ஊருக்கே வருகிறது.

சமயப் பணிக்காகச் சென்றவரை விடுமுறைக்குச் செல்பவரோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. விடுமுறையில் தனியே இத்தாலி சென்றவர்களின் மரபு வேறு. அதில் தலையாயவர் ஜெர்மானியக் கவிஞர் கேத்தே. வைமார் அரசில் அமைச்சராயிருந்த அவர், 1786 செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, நண்பர்க்கும் சொல்லாமல், புனைபெயர் பூண்டு, சிறு பையோடு வண்டியேறினார். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோவெரேத்தோ என்னும் ஊரை அடைந்ததும், இளமையிலே ஏட்டில் கற்று நேசித்த மொழி இங்கே விடுதிக்காரன் வாயில் உயிரோடு ஒலிக்கிறதே என்று மகிழ்ந்து எழுதினார். ஏறத்தாழ இரண்டாண்டு கழித்துத் திரும்பியவர், தாம் மறுபிறவி எடுத்ததாகவே கருதினார். அவரும் அரசின் சம்பளத்தில் போனவர்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பயணத்துக்கு ஒரு பள்ளிக்கூட வடிவம் கிடைத்தது. சீயெனா நகரில் 1917இல் அயல்நாட்டார்க்கு இத்தாலிய மொழி வகுப்புகள் தொடங்கின. பெரூஜா நகரில் 1921இல் வழக்கறிஞர் அஸ்தோரே லுப்பத்தெல்லி தொடங்கிய வகுப்புகள் 1925இல் அரச ஆணையால் அயல்நாட்டார் பல்கலைக்கழகமாயின. காலேங்கா எனப்பெறும் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையில் அது இன்றும் நடக்கிறது. ஐரோப்பியப் பேரவை 2001இல் வகுத்த ஆறு படிநிலைகளின்படி மாணவரைத் தரம் பிரித்து அமர்த்துவர். முதற்படியில் பலநாட்டாரும் ஒன்றாக இருப்பர். பொதுமொழி வேறில்லாததால் ஆசிரியர் இத்தாலியத்திலேயே இத்தாலியத்தைக் கற்பிப்பார். தனியே போவதன் பயன் இங்கேதான் தெரியும். துணையோடு போனவன் மாலையில் தன் மொழிக்குத் திரும்பிவிடுவான். தனித்தவனுக்கு ரொட்டிக் கடைக்காரனைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லை. நொபிலி மதுரையில் தம்மவரிடமிருந்து பிரிந்து குடிலில் இருந்ததும் மொழிவகையில் இதே பயனைத் தந்தது.

நம் நாட்டு வழிவந்த எழுத்தாளர் ஒருவரையும் இங்கே கூறலாம். வங்காளப் பெற்றோர்க்கு இலண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜும்பா லாகிரி, ஆங்கிலத்தில் பெரும்புகழ் எய்திய பின் 2012இல் உரோமாபுரிக்குக் குடியேறினார். காரணம், இளமையில் புளோரன்சு நகரில் கேட்ட மொழியின் மேல் கொண்ட காதல் ஒன்றே. 2015இல் அவர் அம்மொழியிலேயே ஒரு நூல் வெளியிட்டார். 2018இல் நாவலும் எழுதினார். தாய்மொழி வங்காளத்திலும் வளர்ப்பு மொழி ஆங்கிலத்திலும் கிடைக்காத விடுதலை மூன்றாம் மொழியில், அதுவும் தட்டுத்தடுமாறிப் பேசும் மொழியில், கிடைத்தது என்பது அவர் கூற்றின் சாரம். கடலில் மகளிரோடு செல்லுதல் வழக்கமன்று என்று விதித்த காலத்துக்கு வெகு தொலைவு வந்துவிட்டோம்.

இனி மூத்த அன்பரின் கருத்துக்கு வருவோம். நம் கொம்யூன்களிலிருந்து சைகோனுக்குப் போர்வீரராகவும் எழுத்தராகவும் சென்றவர்கள் வியட்நாமியமும் பிரெஞ்சும் கற்றனர். 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்டு ஓய்வூதியம் பெற்ற குடும்பங்களில் பிரெஞ்சு மொழி அடுத்த தலைமுறைக்கும் போயிற்று. புதுவையில் அலியான்சு பிரான்சேசு 1889இலேயே தொடங்கிவிட்டது. அதே ஆண்டில்தான் உரோமாபுரியில் தாந்தே பெயரால் இத்தாலிய மொழிக் கழகமும் தோன்றியது. நம்மிடையே பிரெஞ்சு கற்றோர் பல்லாயிரவர். அவர்களுள் பிரெஞ்சுக் கவிதையை மூலத்திலிருந்து தமிழுக்குக் கொணர்ந்தவர் எத்தனை பேர்? அரிய சிலர் உண்டு. அவர்களை நாம் வணங்குவோம். ஆனால் பெரும்பாலோர்க்கு அம்மொழி கடவுச்சீட்டோடு முடிந்தது. பொருள்வயிற் கற்ற மொழி பொருள் கிடைத்ததும் ஓய்ந்துவிடுகிறது.

அதனால் பிழைப்புக்காகக் கற்றவரைத் தாழ்த்திவிடலாகாது. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் 1980கள் தொட்டு ஈழத்தமிழர் குடியேறி வாழ்கின்றனர். போரிலிருந்து தப்பியோர் பெரும்பாலும் வீட்டு வேலைகளில் அமர்ந்து, வகுப்பறையைக் காணாமலே, அடுப்படியில் இத்தாலியம் கற்றனர். அந்நகரின் காவற்புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரினோ மலைமேல் உள்ளது. சைவரும் கத்தோலிக்கருமாகிய தமிழர் அம்மலைக்கு நடந்தேறி நேர்ச்சை செலுத்துவது அங்கே கண்கூடு. அவர்கள் பிள்ளைகள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும், பள்ளியில் இத்தாலியமும், தெருவில் சிசிலிய வழக்கும் பேசி வளர்ந்தவர்கள். காஸ்திலியோனேயில் பெஸ்கி வளர்ந்த மூவடுக்கு வாழ்க்கைதான் இது.

ஆகவே ஓதற்பிரிவு வேறு, பொருள்வயிற் பிரிவு வேறு என்று இலக்கணத்தில் கிழித்த கோடு வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஓடவில்லை. நொபிலியும் பெஸ்கியும் சமயம் பரப்ப வந்தனர். தனிநாயகம் அடிகள் குருவாகப் போனார். பலேர்மோத் தமிழர் உயிர் பிழைக்கப் போயினர். மொழி இடையில் வந்து சேர்ந்தது, சிலரிடம் தங்கிற்று. மூத்த அன்பர் வசதியைப் பற்றிச் சொன்னது உண்மை. பாகூர் வித்தியாஸ்தானத்துக்குக் கொடுத்த மூன்று ஊர்களின் விளைச்சல் போன்ற ஏதேனும் ஓர் ஆதாரம் இல்லாமல் ஏம்பலத்து இளைஞர் பெரூஜாவுக்குப் போக முடியாது. ஆனால் அதனைக் காரணமாக்கி 'நமக்கு எதற்கு' என்பது, உயர்ந்தோர்க்கே உரியது என்ற பழைய கோட்டை நாமே நம் கையால் மீண்டும் கிழிப்பதாகும். நம் கவிஞர்களின் கைகளில் இருக்கும் தாந்தேயும், பெத்ரார்க்காவும், லெயோபார்தியும், மொந்தாலேயும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தவர்கள். சதுரகராதி செய்தவரின் தாய்நாட்டுக் கவிதையை மூன்றாமவர் சொல்லக் கேட்கிறோம்.

எதிர்த்திசைப் பயணம் நின்றுவிடவில்லை. புதுவையில் உள்ள பிரெஞ்சு ஆசியவியல் பள்ளியின் மையத்துக்குச் சங்கப் பாடல் படிக்க ஐரோப்பிய மாணவர் இந்நூற்றாண்டிலும் வந்து தங்கியுள்ளனர். பீசா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பேராசிரியர் எமனுவேலா பனத்தோனி பழந்தமிழ் நூல்களை இத்தாலியத்தில் பெயர்த்தார். அவர்கள் குறுந்தொகையை மூலத்தில் படிக்கிறார்கள். நம் இளம் கவிஞர் தம் பயணத்துக்குச் சேமிக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிகிறேன். தொல்காப்பியர் தந்த எல்லை மூன்றாண்டு. அவர் கேட்பது முப்பது நாள்.